ஏரிக்குள் ஒரு பூட்ஸ்

வாசலில் செருப்பு கழற்றும் இடத்தில் இடது கால் ரப்பர் பூட்ஸ் மட்டும் நின்றது. வலது கால் ஏரிக்குள் இருந்தது. கணவன் சேற்றில் சிக்கி விழுந்த அன்று, மூச்சடங்கிய அவனைக் கரையேற்றியவர்களால் அந்தப் பூட்ஸை இழுக்க முடியவில்லை. ஆளே போன பிறகு பூட்ஸை யார் கேட்பார்கள்? அவளும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரியைச் சுத்தம் செய்யும் கூட்டத்தில், அவன் இடத்தில் போய் நின்றுகொண்டாள்.

"அண்ணி மனச தேத்திக்க வர்றாங்க" என்று கூட்டத்தில் இருந்த நர்ஸ் மற்றவர்களிடம் சொன்னாள். அப்படியே நினைக்கட்டும் என்று இவள் விட்டுவிட்டாள். கோடையில் நீர் வற்றும், சேறு தலைகாட்டும், பூட்ஸும் எங்காவது தட்டுப்படும். அதைக் கழுவி இடது காலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டால், பிறகு உட்கார்ந்து அழுதுவிடலாம். அதுவரை கண்ணீர் வருவதாக இல்லை.

கூட்டத்துக்கு ஒரு விதி உண்டு. கையில் கிடைத்ததை நின்று பார்க்கக் கூடாது. பார்த்தால் பொம்மைத் தலை, பல்செட்டு, யாரோ வீசிய கல்யாண போட்டோ என்று ஒவ்வொன்றும் கதை சொல்ல ஆரம்பிக்கும், சாக்கு நிறையாது. விதியைப் போட்டதே அவன்தான். "எடு, போடு, அடுத்தது!" என்று கரையில் நின்று தொண்டை கிழியக் கத்துவான்.

முதலில் அவள் எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்தாள். சாக்குகளை எடை போடுகிறவனுக்குத் தராசு என்றே பெயர். "என்ன அண்ணி, கத்திரிக்காயா பொறுக்குறீங்க? சொத்தையும் சேத்துப் போடுங்க" என்று அவன் கேலி செய்தான். மெல்லக் கை பழகிவிட்டது. மனம் எங்கோ இருக்க, கை எடுத்தது, போட்டது.

கோடை வந்தது. கணவன் விழுந்த மூலையில் சேறு வெடிக்கத் தொடங்கிய ஞாயிறன்று வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மழைக்குள் முடித்தாக வேண்டும். கொடியும் சேறும் சுற்றிய உருண்டைகளை அவள் வாரி வாரிப் போட்டாள்.

"இன்னைக்கு அண்ணி சாக்குதான் ஜாஸ்தி" என்றான் தராசு. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பூட்ஸ்தான் கிடைக்கவில்லை.

மறுநாள் காலை போனில் சாக்குகளின் படம் வந்தது. முந்தின நாள் லாரியில் ஏற்றுமுன் எடுத்தது. மழை சாக்குகளைக் கழுவியிருந்தது. ஒரு சாக்கின் கிழிசலில் ரப்பர் குதிகால் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அதில் சைக்கிள் டியூப் ஒட்டு. அடுப்படியில் உட்கார்ந்து அவன் கோணலாக ஒட்டியது. சாக்கின் வாயைக் கட்டியிருந்தது, தலையணை உறையைக் கிழித்த பூப்போட்ட துணி. அப்படிக் கட்டுகிறவள் அவள் ஒருத்திதான்.

தராசைப் போனில் கூப்பிட்டாள். "நேத்து போன சாக்கெல்லாம் எங்கப்பா?"

"நேத்தே எரிக்கிற எடத்துக்குப் போயாச்சு அண்ணி. இந்நேரம் சாம்பல். ஏன், மோதிரம் கீதிரம் விழுந்துடுச்சா?"

"ஒண்ணுமில்ல."

அடுத்த ஞாயிறும் போனாள். எடுத்ததையெல்லாம் வாளித் தண்ணீரில் அலசி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். மதியம்வரை அவள் சாக்கு நிறையாமல் காலடியில் துவண்டு கிடந்தது.

"மறுபடி கத்திரிக்காயா அண்ணி?" என்றான் தராசு. "அண்ணன் இருந்தா கத்தியே ஊரக் கூட்டியிருப்பாரு."

"கத்தட்டுமே" என்றாள்.

ஒரு பாட்டில் மூடியைத் துடைத்து, இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கரையில் யாரும் கத்தவில்லை.