வீங்காத கை

டாக்டர் முன்னால் அக்கா கையை நீட்டிய விதத்தைப் பார்த்ததும் தங்கை குனிந்து அதையே உற்றுப் பார்த்தாள். விரல்கள் மடங்கின, விரிந்தன. விரல் மூட்டுகளில் வீக்கமே இல்லை.

நேற்றுவரை உப்பிக் கிடந்த கை அது. தையல் ஆலையில் காலர் தைக்கிற கை. காலையில் கத்தரிக்கோல்கூடப் பிடிக்காது, மதியத்துக்கு மேல்தான் வழிக்கு வரும். "மகாராணிக்கு இன்னும் விடியலையா?" என்று சூப்பர்வைசர் குத்திக்கொண்டே இருப்பார். மருந்துக்கடைக்காரர் கொடுத்த சின்ன மாத்திரையை விழுங்கினால் மட்டும் கை பழையபடி ஆகிவிடும். அதைப் போடாமல் வரச் சொல்லி ஆஸ்பத்திரியில் போனிலேயே சொல்லியிருந்தார்கள்.

"வேலை அலுப்பா இருக்கும். வேற மாத்திரை ஏதாவது?" என்றார் டாக்டர்.

"இல்லைங்க."

"பொய் சொல்றா டாக்டர்," என்றாள் தங்கை. அக்காவின் பையைப் பிடுங்கி மாத்திரை அட்டையை எடுத்து மேசைமேல் போட்டாள். நேற்றுவரை முழுசாக இருந்த அட்டையில் ஒரு குழி காலியாக இருந்தது.

டாக்டர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "காலையில ரொம்ப நேரம் விறைப்பா இருக்கா?" அக்கா தலையாட்டினாள். "அப்ப இது அலுப்பு இல்லம்மா, அழற்சி. கிருமிய அடிக்க வேண்டிய உடம்பு தன் மூட்டையே அடிக்குது. இந்த மாத்திரை அப்போதைக்கு அமுக்கும், அவ்வளவுதான். சரியா வைத்தியம் பாக்கலைன்னா எலும்பு அரிச்சு விரல் கோணிடும். ரத்தம் குடுத்துட்டுப் போங்க. நாளைக்கு எழுந்ததும் எதையும் போடாம வாங்க, வீக்கத்த நான் பாக்கணும்."

அக்கா அட்டையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

பஸ் நிறுத்தத்தில் தங்கை வெடித்தாள். "ஏன்க்கா போட்ட? இந்த ஒரு நாளுக்காக எத்தனை மாசம் நாயா அலைஞ்சேன்."

"காலையில கக்கூஸ்ல கழுவ முடியல. உன்னக் கூப்பிட வாய் வரல. போதுமா?"

தங்கை பஸ் வரும் திசைக்குத் திரும்பிக்கொண்டாள்.

"நாளைக்கு வந்துடு," என்றாள் பிறகு.

"நாளைக்குப் புது மாடல். காலையிலயே தச்சுக் காட்டணும். தைக்கலைன்னா என் மெஷின்ல வேற ஒருத்தி."

"விரல் கோணிடும்ங்கிறார். காதுல விழுந்துச்சா இல்லையா?"

"அது என்னைக்கோ. வேலை நாளைக்கே போகும். நீ படிச்சவ, உடம்புக்கு முடியலைன்னா லீவு எழுதுவ. நான் எதுல எழுத?"

தங்கைக்குச் சூப்பர்வைசரை, கடைக்காரரை, தன்னையே அறைய வேண்டும்போல இருந்தது. பாய்ந்து அக்கா கையிலிருந்த அட்டையைப் பற்றினாள். அக்கா விடவில்லை. சோப்புக்கூடப் பிடிக்காத கை, மாத்திரையின் தயவில் இரும்பாய் மூடியிருந்தது. தங்கை ஒரு விரலைப் பிரித்தாள். இரண்டாவதைப் பிரிக்கும்போது அக்கா கண்ணை இறுக்க மூடினாள்.

வலிக்கிறதோ என்று பயந்து தங்கைதான் கையை எடுத்தாள்.

பஸ் வந்தது. அக்கா கம்பியை எட்டிப் பிடித்து, யார் துணையும் இல்லாமல் ஏறினாள்.