கயிறு சுண்டும்வரை

1912ஆம் ஆண்டு பங்குனியில், பாளையங்கோட்டை ஆஸ்பத்திரி ஒன்றில், வயிற்றுக் கட்டியை எடுத்துத் தையல் போட்டு முடித்த பிறகு, மதலேனம்மாளின் மூச்சு உடம்பிலிருந்து நழுவி, சிமெண்டுத் தரை வழியாகக் கீழே இறங்கிப் போனது. உடல் கட்டிலிலேயே இருந்தது. தரையில் உள்ளங்கையளவு ஈரம். நர்ஸ் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, உப்பு என்றாள். மயக்கத்துக்குக் கொடுத்த குளோரபாரத்தில் சிலருக்கு மூச்சு திரும்பப் பிந்தும் என்ற டாக்டரம்மா, மூச்சை வரவழைக்க மதலேனம்மாளின் கைகளைத் தலைக்கு மேல் தூக்குவதும் மார்பில் அமர்த்துவதுமாக நர்ஸைச் செய்ய வைத்தாள். பிறகு பிராணவாயுக் குப்பியைத் திறக்கச் சொன்னாள். கொழும்பிலிருந்து தூத்துக்குடிக்குக் கப்பலில் வந்த இரும்புக் குப்பி; அங்கே இருந்தது அது ஒன்றுதான். ரப்பர் குழாய் வழியே வாயு போகப்போக நீலம் பாரித்த உதடு சிவந்தது. ஆனால் கையைத் தூக்கி அமர்த்தாவிட்டால் நெஞ்சு அசையவில்லை.

கணவன் ஜேசுதாசன் பி.ஏ. படித்தவன். பிராணவாயு எரியாது, எரியச் செய்யும் என்று பள்ளியில் பாடம் நடத்துகிறவன். சுவரோரம் நின்றான். மதலேனம்மாளின் அண்ணன் சந்தியாகு புன்னக்காயலில் சங்கு குளிக்கிறவன். படுக்கையைக் கட்டிவந்த தோணிக் கயிற்றை அவிழ்த்து, நுனியில் ஈயக் குண்டு முடிந்து, ஈரத்தின் மேல் விட்டான். தரையில் ஓட்டை ஏதும் இல்லை. கயிறு பாகம் பாகமாக இறங்கி, ஓரிடத்தில் கனத்தது.

“பிடிச்சிட்டா,” என்றான். “மூச்சு எங்கன போவும்னு காலேஜ்ல சொல்லித் தரலியாக்கும், மாப்பிள?”

“கேலி பண்ணாதீரும் மச்சான். இழும்.”

“அவ சுண்டட்டும். பைய வருவா.”

அந்தக் கரையில் ஒருவன் கடலில் மூழ்கினால், மேலே கயிறு பிடிக்கிறவன் அவனுடைய மச்சானாக இருக்க வேண்டும். தங்கை தாலியறுக்க எந்த அண்ணனும் விடமாட்டான் என்பது கணக்கு. மூழ்கியவன் கீழிருந்து கயிற்றை வெடுக்கென்று சுண்டும்வரை இழுக்கக் கூடாது; முந்தி இழுத்தால் பிடி நழுவி வெறுங்கயிறு வரும். பெண் மூழ்கினால் யார் பிடிப்பது என்று வழக்கத்தில் இல்லை. அதுவரை எந்தப் பெண்ணும் மூழ்கியதில்லை. அதனால் அண்ணனே பிடித்தான். கயிற்றைக் கட்டிலுக்கு இடைஞ்சலில்லாமல் பிடிக்கும்படி மட்டும் டாக்டரம்மா சொன்னாள்.

உச்சிப்பொழுது சாய்ந்தது. சந்தியாகுவின் உள்ளங்கை பிய்ந்து ரத்தம் வந்தது. துணி நனைத்துச் சுற்றிக்கொண்டு வருவதற்காகக் கயிற்றை ஜேசுதாசனிடம் கொடுத்தான். “சுண்டாம இழுத்திராதீரும் மாப்பிள. குப்பி தீந்தாலும் சரி.”

கயிறு உயிருள்ளதாய்க் கனத்தது. கீழே அவள் இருப்பது அவன் கைக்குத் தெரிந்தது. அதே நேரம் குப்பியின் சீறல் மெலிந்துகொண்டே வந்தது. அவன் மனைவியின் உதட்டைப் பார்த்தான். ஓரத்தில் நீலம் ஏறத் தொடங்கியிருந்தது. குப்பியில் இன்னும் எவ்வளவு என்று கேட்டான். டாக்டரம்மா குப்பியைத் தட்டிப் பார்த்தாள். சீறல் நின்றது.

இழுத்தான். இரண்டு கையாலும், பல்லைக் கடித்து, அவள் பெயரைச் சொல்லி இழுத்தான். கயிறு லேசாக, மிக லேசாக வந்தது. ஈயக் குண்டில் கொஞ்சம் மணல் ஒட்டியிருந்தது.

நனைத்த துணியோடு வாசலில் நின்ற சந்தியாகு உள்ளே வந்து வெறுங்கயிற்றைச் சுருட்டி வைத்தான். நெடுநேரம் கழித்து நர்ஸ் மதலேனம்மாளின் கைகளை மார்பில் அமர்த்தினாள். பிறகு தூக்கவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள், பாளையங்கோட்டை வீட்டின் அடுக்களையில், ஜேசுதாசன் மூலையில் போட்டிருந்த அந்தக் கயிற்றின் நுனி தரைக்குள் இறங்கியிருந்தது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுண்டியது. அவன் தொடவில்லை. தொட முடியவில்லை. மறுபடி சுண்டியது.

“இப்ப இழும்,” என்றான் அடுக்களை வாசலில் வந்து நின்ற சந்தியாகு.

“இனி எதுக்கு மச்சான்?”

“கூப்பிடுதாள்ல. இழும்வே!”

இழுத்தான். குளோரபாரத்தின் தித்திப்பும் கடல் உப்பும் கலந்த வாடையோடு மூச்சு மேலே வந்து, அடுக்களையில் நின்றது. அதைக் கல்லறைக்குக் கொண்டுபோகலாமா என்று பங்குச் சாமியாரிடம் கேட்டார்கள். அடக்கம் ஒரு தடவைதான் என்றார் அவர்.

சந்தியாகு சங்குக்குத் திரும்பினான். ஜேசுதாசன் மறுமணம் செய்யவில்லை. ரசாயனப் பாடத்தில் பிராணவாயு வரும்போது புத்தகத்தைப் பிள்ளைகளையே வாசிக்கச் சொன்னான். விடிந்ததும் அடுப்பில் சுள்ளி அடுக்கி, ஒரு கங்கு வைத்துவிட்டு விலகி உட்காருவான். சற்று நேரத்தில் கங்கு சிவக்கும், சாம்பல் பறக்கும், தீ பிடிக்கும். அந்த வீட்டில் பிறகு ஊதுகுழல் வாங்கவில்லை.