கிரீஸ் அப்பிய பேட்டரி

கவ்வாத்துக் கத்தியைத் தீட்டினால் எண்ணெய் பூசித்தான் செருக வேண்டும். இருபது வருஷமாகத் தேயிலைச் செடி வெட்டிய இராமையாவின் கையில் ஊறிப்போன பழக்கம் அது. ஞாயிற்றுக்கிழமை லுணுகலையில் ஜௌபர் முதலாளி வீட்டில் மொரிஸ் மைனர் காரைக் கழுவி, பேட்டரியையும் பார்த்தபோது அந்தப் பழக்கமே அவனைக் கெடுத்தது. பேட்டரியின் அறைகளுக்குள் காய்ச்சி வடித்த போத்தல் தண்ணீர் ஊற்றினான். ஈயக்கட்டைகளில் பூத்திருந்த வெள்ளைப் பொடியைச் சுடுதண்ணீர் விட்டுக் கரைத்து, பளபளக்கச் சுரண்டினான். வயர்க் கவ்வியைப் பூட்டிய பிறகு மேலே தடவ வேண்டிய கிரீஸை, வெறும் கட்டையிலேயே அப்பி, அதன்மேல் கவ்வியை மாட்டினான். அதன் பிறகு காரை யாரும் எடுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை, தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்துக்குள் தமிழரைத் தேடிக் கும்பல் புகுந்தது. எழுபத்தேழு, ஆவணி மாதத்துக் கலவரம். கதவை மறித்த அவன் மனைவி இராக்கம்மாவின் தோளில் ஒருவன் கத்தியை இறக்கினான். இராமையா அவளைப் படங்குச் சாக்கில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு குறுக்குப்பாதையில் முதலாளி வீட்டுக்கு இறங்கி ஓடினான். அவள் இரத்தம் அவன் இடுப்புவரை வழிந்தது.

"முதலாளி! காரை எடுங்க! பதுளை ஆஸ்பத்திரிக்குப் போகணும்!"

முதலாளியின் மனைவி ஸைனப் ஓடிவந்து, முக்காட்டைக் கிழித்துக் காயத்தில் திணித்தாள். "பார்த்துக்கிட்டு நிக்கிறீங்களே! ஏத்துங்க, மனுஷி மவுத்தாகப் போறா!"

இராக்கம்மாவைப் பின்சீட்டில் கிடத்தினார்கள். ஸைனப் கூடவே ஏறிக்கொண்டாள். ஜௌபர் சாவியைத் திருப்பி ஸ்டார்ட்டரை இழுத்தார். டிக். மறுபடி இழுத்தார். டிக்.

"பேட்டரிக்கு என்னடா செஞ்சே?"

"தண்ணி ஊத்துனேன், தொடச்சேன், கிரீஸு போட்டேன் முதலாளி."

வாசலிலிருந்து ரோட்டுக்கு மேடு. தள்ளவும் வழியில்லை. மேலே லயத்துப் புகை தெரிந்தது. குறுக்குப்பாதையில் சிந்திய இரத்தத்தைப் பார்த்துக்கொண்டே ஐந்தாறு பேர் தடியோடு இறங்கி வந்தார்கள்.

இராமையா முன்மூடியைத் தூக்கிக் கவ்வியைத் தொட்டான். விரல் வெந்தது. "இது ஏங்க கொதிக்குது?"

"கிரீஸை எங்கடா பூசினே? கட்டைக்கும் கவ்விக்கும் நடுவிலயா? கரண்டு எப்பிடிடா போகும், மாடே!"

ஸ்பேனர் வீட்டுக்குள் இருந்தது. அதற்கு நேரமில்லை. இடுப்பில் செருகியிருந்த கவ்வாத்துக் கத்தியை உருவிக் கவ்விக்கு அடியில் கொடுத்து நெம்பினான். கத்தி நுனி வண்டித் தகரத்தில் பட்டது. நீலப்பொறி வெடித்து, கைமயிர் கருகியது. கத்தியை விடவில்லை. கவ்வியைப் பிடுங்கி, கிரீஸைச் சட்டையால் வழித்து, நகத்தாலும் கத்தியாலும் சுரண்டி, திரும்ப மாட்டிக் கத்திப் பிடியால் அடித்தான். அது ஆடியது. இரண்டு உள்ளங்கையாலும் அமுக்கினான்.

"இழுங்க!"

ஒரு கல் வந்து அவன் முதுகில் விழுந்தது. இன்னொன்று முன்கண்ணாடியை உடைத்தது. என்ஜின் இருமி, உறுமி, பிடித்துக்கொண்டது.

"ஏறுடா இராமையா!"

அதற்குள் வாசலை மறித்து ஒருவன் தடியை ஓங்கிவிட்டான். ஏற நின்றால் காரையும் கொளுத்துவார்கள். இராமையா கத்தியை எடுத்துக்கொண்டு மூடியை அறைந்து சாத்தினான்.

"நீ வரலையா?" உள்ளேயிருந்து இராக்கம்மாவின் குரல்.

"பின்னால வாரேன் புள்ள. நீ போ."

தடிக்காரன்மேல் அப்படியே பாய்ந்தான். இருவரும் ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் உருண்டார்கள். கார் அவர்களை ஒட்டி மேடேறியது. அடியில் கிடந்த தடிக்காரன் தன் தொண்டையை நெரிக்க, இராமையா அவன் தொடையில் கத்தியைச் சொருகினான். அவன் அலறினான். மற்றவர்கள் வந்து சேர்ந்தார்கள். முதல் அடியில் கத்தி பறந்தது. இரண்டாவதில் காது கிழிந்தது. வாயில் இரத்தமும் மண்ணும்.

மண்ணெண்ணெய்ப் போத்தலோடு ஒருவன் காரைத் துரத்தினான். இராமையா கானிலிருந்து எம்பி அவன் கணுக்காலைப் பிடித்தான். போத்தல் ரோட்டில் விழுந்து உடைந்தது. மணிக்கட்டில் தடி விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் அவனுக்கே கேட்டது. மற்றக் கையாலும் பற்றி, கெண்டைக்காலில் பல்லைப் பதித்தான்.

"விடுடா நாயே!"

அடிமேல் அடி விழுந்தது. காதை அவன் காரின் சத்தத்திலேயே வைத்திருந்தான். கார் ரோட்டு வளைவு முடக்கில் திணறியது. நின்றுவிடுமோ? கியர் மாறியது. சத்தம் தெளிந்து, பதுளை ரோட்டில் தூரமாகி, தேய்ந்து போனது.

அப்போதுதான் பல்லை எடுத்தான்.