பெப்ரவரி பதினொன்று

நாரந்தனை நூலக வாசலில் "வரலாற்றில் இன்று" என்றொரு கரும்பலகை தொங்கும். பேப்பரைப் பார்த்து அதில் தினமும் எழுதுவது நூலகர் சுலோஜனாவின் வேலை. பெப்ரவரி பதினொன்றுக்குப் பேப்பர் கொடுத்தவை மூன்று: ஒரு தேசாதிபதி வந்திறங்கியது, ஒரு புகையிரதப் பாதை திறந்தது, கிரிக்கெட் அணி வென்றது. வருடாவருடம் இவற்றைத்தான் எழுதினாள். இந்த வருடம் நான்காவதாக ஒன்றைச் சேர்த்தாள்.

"சண்டைக் காலத்தில் இதே நாளில் எங்கள் சந்தியில் இராணுவம் பிடித்து ட்ரக்கில் ஏற்றியவர்கள் இன்னும் திரும்பவில்லை."

அவர்களில் அவளுடைய அப்பா அரியநாயகமும் ஒருவர். சந்திக் கடைக்குச் சீனி வாங்கப் போனவர்.

பொறுப்பதிகாரி அம்பலவாணர் வந்ததும் வராததுமாக ஈரத்துணியை எடுத்து நான்காவது வரியைத் துடைத்தார்.

"ஆர் உமக்கு இதை எழுதச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. நான்தான் எழுதினனான்."

"இது அரசாங்கக் கட்டடம் பிள்ளை. மேலிடத்தில கேட்டா நான் என்ன சொல்லுறது? வரலாறெண்டா பேப்பரில வாறதை எழுதும்."

சுலோஜனாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"தேசாதிபதி கப்பலால இறங்கினது வரலாறு. என்ர அப்பா ட்ரக்கில ஏறினது வரலாறில்லையோ? அதே ட்ரக்கில உங்கட அண்ணையும்தானே, சேர், ஏறினவர்! அவரையும் சேர்த்தல்லோ துடைச்சுப்போட்டு நிக்கிறியள்!"

பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தவர்கள் தலை நிமிர்ந்தார்கள். அம்பலவாணரின் முகம் கறுத்தது.

"எனக்குப் பென்சனுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் கிடக்கு," என்றார் குரலைத் தாழ்த்தி. "விளங்கிக்கொள்ளும்."

"ஏலாது. எனக்கு விளங்காது."

அவர் பலகையைக் கழற்றி உள்ளே கொண்டுபோய் அறையைப் பூட்டினார். அவள் விடவில்லை. சோக்கை எடுத்து வாசல் சுவரிலேயே எழுதினாள். அப்பாவின் பெயரை எழுதினாள். அதன் கீழே அம்பலவாணருடைய அண்ணனின் பெயரையும் எழுதினாள். அழுத்திய அழுத்தத்தில் சோக் துண்டு துண்டாக உடைந்தது.

திரும்பி வந்த அம்பலவாணர் சுவரைப் பார்த்தபடி நின்றார். துணி கையில்தான் இருந்தது. துடைக்கவில்லை.

"உம்மை அனலைதீவுக்கு மாத்திப்போடுவாங்கள்."

"மாத்தட்டும். அங்கையும் சுவர் இருக்குத்தானே."

மாற்றத்தான் செய்தார்கள். சுவருக்கு வெள்ளையடிக்க ஆளும் வந்தது. அனலைதீவுப் படகில் ஏறிய அன்றும் அவளுடைய கோபம் இம்மியும் தணிந்திருக்கவில்லை.