எதிர்வீட்டுச் சாடியில் இருந்த நுரை

பர்லிங்டனில் எங்கள் பீர் ஆலை வாசலில் காலையில் பெண்கள் குவளையோடு நிற்பார்கள். தொட்டியில் பொங்கும் ஈஸ்ட் நுரையை அண்ணன் ஜோத்தம் சும்மாவே அள்ளிக் கொடுப்பார். ஊர் ரொட்டியெல்லாம் அதில்தான் உப்பியது. அண்ணன் செத்த பிறகு அண்ணி தபித்தா கொடுத்தாள், ஒருத்திக்குத் தவிர.

அந்த ஒருத்தி எதிர்வீட்டு ரொட்டிக்காரி கெசியா. எங்கள் பீர் குதிரை கழுவின தண்ணீர் என்று வசந்தச் சந்தையில் நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டாள். அன்றோடு அண்ணி அவளுக்கு வாசலை அடைத்துவிட்டாள். நான் பீப்பாய் செய்கிறவன், என் பேச்சை யார் கேட்கிறார்கள்?

ஆகஸ்டில் கப்பல்காரர் ஒருவர் ஒரு பெரிய வடிப்பு பீர் கேட்டார். இந்த வடிப்பு கெட்டால் ஆலையை விற்றுவிட்டு வீடு வந்து சேர் என்று அண்ணியின் அப்பா சொல்லியிருந்தார். பார்லியைக் காய்ச்சி, வடித்து, ஆறவைத்து, அதற்கப்புறம்தான் அண்ணி போன வடிப்பில் எடுத்துவைத்த நுரைச் சாடியைத் திறந்தாள். அந்த வாரப் புழுக்கத்தில் நுரை அழுகி நாறியது. நுரை சேராமல் வடிநீர் பீராகாது. முதலிலேயே மூக்கை வைத்துப் பார்த்திருக்கக் கூடாதா? எனக்கு வந்த கோபத்தில் சுத்தியலை மூலையில் எறிந்தேன்.

பிலடெல்பியா போய் வாங்கி வருவதற்குள் வடிநீர் புளித்துவிடும். ஊரில் வீடு வீடாகக் கேட்டேன். எங்களிடம் வாங்கியதை அன்றன்றே மாவில் கொட்டுகிறவர்கள், யாரிடம் மிச்சம் இருக்கும்? எதிர்வீடு ஒன்றுதான் பாக்கி.

அண்ணி வெறும் சாடியை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தாள். நான் பின்னாலேயே போனேன். கெசியா மாவுக் கையோடு வாசலில் நின்று எங்களை மேலும் கீழும் பார்த்தாள்.

"குதிரை கழுவுன தண்ணிக்கு நுரை எதுக்கு?"

"நான் கேக்க வரல கெசியா. கெஞ்ச வந்திருக்கேன்."

கெசியா உள்ளே போய் ஒரு மண்சாடியைத் தூக்கி வந்தாள். துணியை விலக்கினால் நுரை பொங்கிக்கொண்டிருந்தது. எங்கள் தொட்டியின் வாசனையேதான். வசந்தத்தில் கடைசியாக வாங்கிய நுரையாம். மாவும் காய்ச்சி ஆறிய தண்ணீரும் சேர்த்து, வெயில் நாளெல்லாம் நிலவறையில் வைத்துக் காப்பாற்றியிருக்கிறாள்.

"நீ வாசல அடைச்ச, அதனால வளத்தேன். இல்லேன்னா நானும் அன்னன்னிக்கே கொட்டித் தீத்திருப்பேன்" என்றாள். பிறகு குரலை இறக்கி, "ஜோத்தம் கையால அள்ளிக் குடுத்த நுரையோட வழில வந்தது இது. அத சாக விட்டுருவனா?" என்றாள்.

அண்ணன் அடக்கத்தில்கூட அழாதவள் அண்ணி. அந்த வாசல்படியிலேயே உட்கார்ந்து அழுதாள். கெசியா மாவுக் கையோடு பக்கத்தில் உட்கார்ந்தாள். வடிநீர் கெட்டுவிடுமே என்று சாடியை நான்தான் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

மறுநாள் காலை தொட்டி நுரைத்துப் பொங்கியது. வாசலில் வழக்கமான வரிசை. அண்ணி முதல் குவளையை நிரப்பினாள். அதை எடுத்துக்கொண்டு வரிசையைத் தாண்டி, தெருவைக் கடந்து, கெசியா வீட்டுக் கதவைத் தட்டினாள்.