இழைப்புளிக்கு ஓர் இடம்

நூலகருக்கு எந்தப் பொருளும் அதனதன் இடத்தில் இருந்தாக வேண்டும். பன்னிரண்டாயிரம் புத்தகங்களை அப்படி அடுக்கி வைத்திருப்பவர். ஒரு புத்தகம் ஒரே ஒரு நாள் தாமதமாக வந்தாலும், கொண்டு வந்தவரைக் கொலைக் குற்றவாளியைப் பார்ப்பது போலக் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்து படிக்காமலேயே திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு.

இப்பேர்ப்பட்டவர் வீட்டுப் பின்பக்க அறையைப் பார்த்தால் சிரிப்புதான் வரும். கதவு, நாற்காலி, குழாய் என்று கையில் கிடைத்ததையெல்லாம் கழற்றி மாட்டுவது அவருடைய பொழுதுபோக்கு. சுத்தியலைத் தேடினால் அரம் அகப்படும், அரத்தைத் தேடினால் ஆணி குத்தும். இந்தக் கூத்தை இருபது வருடம் பொறுத்துக்கொண்ட மனைவி, போன மாதம் ஒரு பெரிய பிளைவுட் பலகையை வாங்கி வந்து சுவரில் அடித்துவிட்டாள். யோசனையும் அவளுடையதுதான். ஒவ்வொரு சாமானையும் பலகைமேல் வைத்து, சுற்றிலும் பென்சிலால் கோடு இழுத்து, அதன்மேல் கறுப்பு பெயிண்ட் அடித்து, கொக்கியில் மாட்ட வேண்டும். எடுத்ததைத் திரும்ப மாட்டாவிட்டால் காலி வடிவம் காட்டிக்கொடுத்துவிடும்.

"உங்க லைப்ரரி மாதிரியே இல்ல?" என்றாள்.

அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. தெருவில் கண்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அதைக் கேட்டு, இரண்டு வீடு தள்ளிப் பட்டறை வைத்திருக்கும் தச்சரும் ஒரு நாள் வந்து பார்ப்பதாகச் சொன்னார். அப்போதுதான் நூலகருக்குப் பெருமை கொஞ்சம் இறங்கியது.

ஸ்பேனர், குறடு, ஸ்குரூ டிரைவர் என்று மூன்று பெட்டிச் சாமான்கள் சுவர் ஏறிவிட்டன. பாக்கி இருந்தது ஒரு பச்சைத் தகரப் பெட்டி. "அதை நான் பார்த்துக்கறேன், நீ தொடாத" என்று மூன்று தடவை சொல்லியிருந்தார். அதன் அடியில், பழைய துண்டில் சுற்றிய ஒரு சின்ன இழைப்புளி கிடந்தது. மரத்தைச் சீவுகிற சாமான், உள்ளங்கை அகலம்தான். அது அவருடையது இல்லை. தச்சருடையது.

ஆறு வருடத்துக்கு முன்னால் குளியலறைக் கதவு ஈரத்தில் உப்பிப்போய்த் தரையில் உரசியது. தச்சரைக் கூப்பிடப் பட்டறைக்குப் போனார். ஆள் இல்லை. மேசைமேல் இந்த இழைப்புளி இருந்தது. பத்து நிமிட வேலைதானே, அவர் டீ குடித்துவிட்டு வருவதற்குள் திரும்ப வைத்துவிடலாம் என்று எடுத்து வந்தார். கதவைச் சீவி முடித்தபோது, மச்சான் வண்டியிலிருந்து விழுந்து ஆஸ்பத்திரியில் கிடப்பதாகத் தகவல் வந்தது. போட்டது போட்டபடி கிளம்பியவர் நான்கு நாள் கழித்துத்தான் வந்தார். வந்ததும் இழைப்புளியைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு பட்டறைக்குத்தான் நடந்தார். அதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அநியாயம்.

தெரு முனையிலேயே சத்தம் கேட்டது.

"நீ எடுக்கலன்னா அதுக்குக் கால் முளைச்சு நடந்து போச்சா?" தச்சர் தன் தம்பியைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். தம்பியும் அந்தப் பட்டறையில்தான் வேலை செய்தான். ஒரு தடவை அண்ணனைக் கேட்காமல் டிரில் மிஷினை விற்றவன் என்பதால், இந்தத் தடவை அவன் சத்தியம் பண்ணியது யார் காதிலும் ஏறவில்லை. கூட்டம் கூடிவிட்டது. அத்தனை பேர் முன்னால் காகிதத்தைப் பிரித்துக் காட்ட நூலகருக்குத் துணிச்சல் இல்லை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்பி வந்துவிட்டார். மறுநாள் தம்பி மனைவியைக் கூட்டிக்கொண்டு பெட்டி படுக்கையோடு ஊரை விட்டே போய்விட்டான்.

அதற்குப் பிறகு எந்த வாயால் சொல்வது? நான்கு நாள் தாமதத்தைச் சொல்லக் கூசியவர் ஒரு வாரத்தைச் சொல்வாரா? வாரம் மாதமாகி, மாதம் வருடமாகிவிட்டது. இதற்கிடையில் தச்சர் அவர் வீட்டு ஜன்னலைச் சரிபண்ணினார், அலமாரிக்குக் கதவு போட்டார், பார்க்கும்போதெல்லாம் "பிரஷர் எப்படி இருக்கு சார்?" என்று விசாரித்தார். அந்த விசாரிப்பு ஒவ்வொன்றுக்கும் நூலகர் உள்ளுக்குள் கூனிக் குறுகினார். இழைப்புளியைத் தூக்கி எறியவும் மனம் வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கொக்கி வாங்கக் கடைக்குப் போய்விட்டுத் திரும்பியபோது, பின்பக்க அறையில் மனைவி கைநிறையக் கறுப்பு பெயிண்டோடு நின்றாள்.

"கண்ணை மூடிக்கிட்டு வாங்க. ம், இப்பத் திறங்க!"

திறந்தார். பச்சைப் பெட்டி காலி. அதிலிருந்த மொத்தமும் சுவரில் தொங்கியது. நட்டநடுவில், கண்ணுக்கு நேராக, இழைப்புளி. சுற்றிலும் கறுப்புக் கோடு காயாமல் பளபளத்தது.

"தொடாதன்னா நான் விட்டுருவேனா? நீங்க பார்த்துக்கறேன்னா அடுத்த வருஷம்தான் முடியும். இவ்வளவு அழகான சாமானைப் போய்த் துணி சுத்தி அடியில போட்டு வச்சிருக்கீங்களே! அதான் நடுவுல மாட்டிட்டேன். அப்புறம், தச்சர் வர்றேன்னாரு. இப்பத்தான் வாசல்ல பார்த்தேன்."

நூலகர் வாய் திறப்பதற்குள் வாசல் கேட் கிறீச்சிட்டது. அவள் கையைத் துடைத்துக்கொண்டு முன்பக்கம் ஓட, அவர் இழைப்புளியைப் பிடுங்கிக் கொக்கி வாங்கி வந்த பையில் திணித்தார். ஐம்பத்தேழு வயது மனிதர் செய்கிற காரியமா இது? செய்தார். சட்டையெல்லாம் பெயிண்ட்.

தச்சர் உள்ளே வந்து இடுப்பில் கை வைத்துச் சுவரை மேலும் கீழும் பார்த்தார். "பிரமாதம் சார். என் பட்டறை இப்படி ஒழுங்கா இருந்தா நான் எங்கேயோ போயிருப்பேன்." ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்தவர் நடுவில் நின்றார். "இது ஏன் காலியா இருக்கு?"

"அது... இனிமேதான் வாங்கணும்."

தச்சர் ஒரு பக்கம் மட்டும் கட்டைவிரல் அளவுக்கு உள்வாங்கியிருந்த அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் இடது கையை அதன்மேல் வைத்தார். கட்டைவிரல் அந்த வளைவில் அச்சாக உட்கார்ந்தது.

"நான் இடதுகைக்காரன் சார். கடையில விக்கறது எதுவும் எனக்குத் தோதுப்படாது. அதனால இதே மாதிரி ஒண்ணு என் கையாலேயே செஞ்சு வச்சிருந்தேன்" என்றார் மெதுவாக.

டீ எடுத்துக்கொண்டு வந்த மனைவி சுவரைப் பார்த்துவிட்டு, "ஐயோ, இப்பத்தானே மாட்டினேன், அதுக்குள்ள எங்க போச்சு? ஏங்க, நீங்க எடுத்தீங்களா?" என்று கேட்டாள்.

இரண்டு பேரும் அவரைப் பார்த்தார்கள். அவர் பைக்குள் கை விட்டார். கொக்கிகள் கலகலவென்று கொட்டின. இழைப்புளியை வெளியே எடுத்தபோது, தலையைத் தூக்கி யார் முகத்தையும் பார்க்க அவரால் முடியவில்லை.

தச்சர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். துருப்பிடித்த அலகை விரலால் தடவினார். பக்கத்தில் கிடந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"எப்ப எடுத்தீங்க?"

"அது காணாமப் போன அன்னைக்குத்தான். கதவு சீவறதுக்கு." இதோடு நிறுத்திக்கொள்ளலாம். மறதி என்று சொன்னால் நம்புகிற மனிதர்தான். ஆனால் நூலகருக்கு இனிமேல் அடக்க முடியவில்லை. "நீங்க தம்பியைச் சத்தம் போட்டப்போ நான் தெரு முனையில நின்னுட்டிருந்தேன். கையில இதை வச்சுக்கிட்டுத்தான் நின்னேன். வெட்கமா இருந்துச்சு. வந்துட்டேன்."

மனைவி டீயைத் தரையிலேயே வைத்துவிட்டாள். திட்டியிருந்தால் தேவலை. அவள் யாரோ தெரியாத ஆளைப் பார்ப்பது போல அவரைப் பார்த்தாள்.

"அவன் சத்தியம் பண்ணினான் சார். தெரு நடுவுல வச்சு அவனைத் திருடன்னு சொன்னேன்." தச்சர் சட்டைப் பையிலிருந்து ஃபோனை எடுத்து எதையோ தேடி அழுத்தினார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சத்தத்தைக் கூட்டி அதை நூலகர் கையில் வைத்தார். "நீங்களே சொல்லுங்க. அவன்கிட்ட பேச எனக்கு எந்த மூஞ்சி இருக்கு?"

இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டான்.

"அண்ணா! நீங்களா? நல்லா இருக்கீங்களா அண்ணா?"

அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டதும், ஆறு வருடத்தில் பட்ட வெட்கமெல்லாம் இப்போது பட்ட வெட்கத்துக்கு முன்னால் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது நூலகருக்கு.

"தம்பி, அண்ணன் இல்லப்பா. நான் லைப்ரரி சார்."

"அண்ணனுக்கு என்ன சார்? உடம்புக்கு ஏதாவது..."

"அவருக்கு ஒண்ணும் இல்ல. பக்கத்துலதான் இருக்காரு. நான்தான் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

சொன்னார். கதவு, மேசை, தெரு முனை, காகிதப் பொட்டலம், ஒன்றையும் விடவில்லை. சொல்லி முடித்ததும் மறுபக்கம் எங்கேயோ பாத்திரம் கழுவுகிற சத்தம் மட்டும் கேட்டது. தச்சர் இழைப்புளியை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"சார், வச்சுடாதீங்க," என்றான் தம்பி. "என் வீட்டுக்காரியைக் கூப்பிடறேன். அவகிட்டயும் இதை ஒரு தடவை சொல்லிடுங்க. இத்தனை வருஷத்துல அவ என்னை ஒரு வார்த்தை கேட்டதில்ல சார். ஆனா நம்பினதும் இல்ல."

பாத்திரச் சத்தம் நின்றது. கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் குரல், "யாருங்க?" என்றது.

நூலகர் தன் மனைவியைப் பார்த்தார். அவள் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. அவர் முதலிலிருந்து மறுபடியும் சொல்ல ஆரம்பித்தார்.