தொண்ணூற்றேழுக்குப் பிறகு மூன்று

வெறும் வயிற்றோடு ஏழு மணிக்கே வந்துவிட்டார் தையல்காரக்கா. தைராய்டுக்கு ரத்தம் கொடுக்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்ததும் பையிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். மடிப்பெல்லாம் நைந்துபோயிருந்தது. மேலே எங்கள் லேபின் பெயர், கீழே என் கையெழுத்து. மூன்று வருடமாக இந்தத் தாள் என்றைக்காவது என் முன்னால் வரும் என்று பயந்துகொண்டிருந்தேன். பஞ்சை எடுக்கப் போன கை பாதியில் நின்றுவிட்டது.

“சிஸ்டர், இதக் கொஞ்சம் படிச்சுப் புரியவைங்களேன். பாப்பாவோடது. அந்த மொதக் காய்ச்சலுக்கு எடுத்தது.”

நான் நர்ஸ் இல்லை, லேப் டெக்னீஷியன். வெள்ளைக் கோட்டு போட்ட பெண்களெல்லாம் அவருக்கு சிஸ்டர்தான். பாப்பா அவருடைய ஒரே மகள், அப்போது ஏழு வயது. அந்தக் காய்ச்சல் விட்டது. ஆறு வாரம் கழித்துத் திரும்ப வந்தது. இரண்டாவது முறை எடுத்த ரத்தத்தில் புற்றுநோய் என்று தெரிந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். நான்கு மாதம் அங்கே இருந்தாள். அதற்குப் பிறகு அக்கா மட்டும்தான் வீட்டுக்கு வந்தார்.

“அஞ்சு பேரு எழுதியிருக்கே, யாரு இவங்க?” என்று விரலை வைத்தார்.

சொல்லிக்கொடுப்பது எனக்குப் பிடிக்கும். அன்றைக்கு அது நேரத்தைக் கடத்தவும் உதவியது. “ரத்தத்துல வெள்ளை அணுன்னு இருக்குக்கா, காவல்காரங்க மாதிரி. அதுல அஞ்சு வகை. நியூட்ரோஃபில், கிருமி நுழைஞ்சா மொதல்ல ஓடிப்போய் சண்ட போட்டு சாகுறது. லிம்போசைட் வைரஸப் பாத்துக்கும், ஒரு தடவ பாத்த மூஞ்சிய மறக்காது. மோனோசைட் செத்தது கெடந்ததெல்லாம் தின்னு சுத்தம் பண்ணும். ஈசினோஃபில் அலர்ஜி, வயித்துப் பூச்சின்னா கூடும். பேசோஃபில் அத்திபூத்தாப்புல ஒண்ணு தட்டுப்படும்.”

“லிம்போசைட் அம்பத்திநாலுன்னு இருக்கே?”

“சின்னப் பசங்களுக்கு அது கொஞ்சம் கூடத்தான் இருக்கும். வைரஸ் காய்ச்சல்னா இன்னும் ஏறும்.” இதில் பொய் ஒன்றுமில்லை. அன்றைக்குப் பாப்பாவைப் பார்த்த டாக்டரும் என் தாளைப் பார்த்துவிட்டு இதையேதான் சொல்லி அனுப்பினார்.

“கூட்டிப் பாத்தேன் சிஸ்டர். முப்பத்தெட்டு, அம்பத்திநாலு, அஞ்சு, மூணு, சைபர். சரியா நூறு வருது.” எந்த எண்ணைப் பார்த்தாலும் கூட்டிச் சரிபார்க்காமல் விடமாட்டார் போலிருக்கிறது. அளவெடுத்துப் பழகிய கை.

நூறு சரியாகத்தான் வரும். வரவைப்பதுதான் எங்கள் வேலை. ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடி ஸ்லைடில் இழுத்து, சாயம் ஏற்றி, மைக்ரோஸ்கோப்பில் வைத்து வெள்ளை அணுக்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போகவேண்டும். பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். வகைக்கு ஒரு பொத்தான். எதைப் பார்க்கிறோமோ அதன் பொத்தானை அழுத்துவோம். மொத்தம் நூறு ஆனதும் மணி அடிக்கும், நிறுத்திவிடலாம். ஆறாவதாக ஒரு பொத்தான் உண்டு, ‘மற்றவை’ என்று. யாரும் தொடாமல் அதன்மேல் மட்டும் எழுத்து அழியாமல் புதிதாக இருக்கும். அன்றைக்கு என் முன்னால் இருபத்தெட்டு ஸ்லைடு. பாப்பாவுடையதில் தொண்ணூற்றேழு வரை தடங்கலில்லாமல் போனது. அப்புறம் ஸ்லைடின் ஓரத்தில் மூன்று அணுக்கள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. லிம்போசைட்டைவிடப் பெரிசு. உட்கரு உடம்பு முழுவதையும் அடைத்துக்கொண்டு வெளிறிப்போய், நடுவில் சின்னக் குழியோடு இருந்தது. எனக்கு அடையாளம் தெரியவில்லை. ஆறாவது பொத்தானை அழுத்தினால் எங்கள் லேபின் பெரிய டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டவேண்டும். முந்தைய வாரம்தான் ஒன்றைக் காட்டப்போய், “வெறும் லிம்போசைட்மா இது. பதினஞ்சு வருஷமா என்னத்தப் பாத்தே?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டிருந்தார். அந்தச் சூடு ஆறவில்லை. சாயம் சரியாக ஏறாத லிம்போசைட்டாக இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, லிம்போசைட் பொத்தானை மூன்று தடவை அழுத்தினேன். மணி அடித்தது. அடுத்த ஸ்லைடை எடுத்தேன்.

ஆறு வாரம் கழித்து அதே பெயரில் ஸ்லைடு வந்தது. கண்ணை வைத்ததும் தெரிந்துவிட்டது. அந்த மூன்று பேர்தான், இப்போது ஊர் கொள்ளாத கூட்டமாக. முதல் ஸ்லைடைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினேன். ஒரு வாரத்துக்குமேல் எதையும் வைப்பதில்லை, பிளீச்சிங் வாளியில் போட்டுவிடுவோம். எந்தச் சாட்சியும் இல்லாமல் போனது. யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் அந்த மூன்று அணுக்களும் என்னைவிட்டுப் போகவில்லை. குளியலறைச் சுவரின் ஈரக்கறையில் மூன்று பேரும் ஒட்டிக்கொண்டு நிற்பார்கள். பஸ்ஸில் கண்ணை மூடினால் இமைக்குள் ஓரமாக வந்து நிற்பார்கள். அதட்டவும் மாட்டார்கள், நகரவும் மாட்டார்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுவேன் என்று காத்திருக்கிற மாதிரி இருக்கும். அதற்குப் பிறகு நான் நூறோடு நிறுத்துவதில்லை. மணி அடித்தாலும் இன்னொரு நூறு எண்ணுவேன். ரிப்போர்ட் அடிக்கிற டைப்பிஸ்ட் எனக்கு ‘இருநூறு அக்கா’ என்று பெயர் வைத்துவிட்டார். “நீங்க எண்ணி முடிக்கறதுக்குள்ள காய்ச்சலே விட்டுடும்க்கா” என்பார். நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன்.

“அப்ப அன்னிக்கு அது அவ ஒடம்புல இல்ல. அதானே சிஸ்டர்?” என்றார் தையல்காரக்கா.

அவர் தாளைப் பார்த்துக்கொண்டே பேசினார். “இதக் கையில வாங்குன மறுநாள்தான் ஒரு ஓட்டலுக்குத் திரைத்துணி தைக்க எடுத்தேன். எம்பது துணி. கண்ணு எரியுற அளவுக்குத் துணிக்குப் போட்ட மருந்து வாடை. வேற எடமில்ல, பாப்பா கட்டிலுக்கு அடியில அடுக்கி வச்சேன். அஞ்சு வாரம் அதுக்கு மேலதான் தூங்குனா. நீதான்டி நோய வரவச்சேன்னு வீட்டுக்காரர் சொல்றாரு. நான் எதிர்த்துப் பேசறதில்ல. அன்னிக்கு அவ நல்லாத்தான் இருந்தான்னு தாளே சொல்லுதே. இன்னும் அந்த ரூமுக்குள்ள போனா வாடை அடிக்குது சிஸ்டர். மூணு தடவ வெள்ளையடிச்சாச்சு.”

எனக்கு வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. என் கையெழுத்துப் போட்ட தாளை வைத்துக்கொண்டு இந்த மனுஷி தன்னையே மூன்று வருடமாகத் தண்டித்துக்கொண்டிருக்கிறார். துணியாலெல்லாம் வராது என்று சொல்லிப் பூசி மெழுகியிருக்கலாம். அதை ஆயிரம் பேர் சொல்லியிருப்பார்கள். தாள் இருக்கும்வரை எந்த ஆறுதலும் அவர் காதில் ஏறாது. சொன்னால் என் வேலை போகும். அது போகட்டும். அவர் முகம் எப்படி மாறும் என்பதுதான் என்னை மென்று விழுங்கவைத்தது.

“அன்னிக்கே இருந்துச்சுக்கா,” என்றேன்.

அவர் நிமிரவில்லை.

“மூணு இருந்துச்சு. எனக்கு அடையாளம் தெரியல. கேட்டாத் திட்டுவாங்கன்னு லிம்போசைட்டோட சேத்து எழுதிட்டேன். நீங்க அந்தத் துணியத் தொடுறதுக்கு முன்னாடியே இருந்துச்சு. தப்பு உங்களோடது இல்லக்கா. நான் பண்ணது.”

வெளியே டைப்பிஸ்ட் யாருடைய வயதையோ கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா ஐம்பத்துநான்கின்மேல் விரலை வைத்தார். “அப்ப இது அம்பத்தி ஒண்ணா?”

“ஆமா.”

“அன்னிக்கே சொல்லியிருந்தா?”

“ஆறு வாரம் முன்னாடியே வைத்தியம் ஆரம்பிச்சிருப்பாங்க. பொழச்சிருப்பாளான்னு தெரியாதுக்கா. சத்தியமா எனக்குத் தெரியாது.” அழ எனக்கு என்ன உரிமை என்று நினைத்தேன், ஆனாலும் கண் நிறைந்துவிட்டது.

அவர் தாளை மடித்து உறைக்குள் போட்டுப் பையில் வைத்தார். எழுந்து கத்துவார், அடிப்பார் என்று காத்திருந்தேன். அடித்தால் தேவலை என்றிருந்தது. அவர் ரவிக்கையின் கையை முழங்கைக்குமேல் சுருட்டினார். கையை மேசையில் நீட்டி முஷ்டியை இறுக்கினார்.

“எடுங்க,” என்றார்.

“டைப்பிஸ்ட் எடுப்பாருக்கா, அவரும் ரத்தம் எடுத்துப் பழகினவர்தான்.”

“நீங்களே எடுங்க.”

ரப்பர் பட்டையைக் கட்டினேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார், கை அசையவில்லை. நரம்பு பளிச்சென்று எழும்பி நின்றது. ஊசி இறங்கியதும் குழாய்க்குள் கருஞ்சிவப்பாக ரத்தம் பாய்ந்தது. எல்லோரிடமும் சொல்வதுபோல, “இப்ப கைய விடுங்கக்கா,” என்றேன். அவர் சுவரிலிருந்து பார்வையை எடுத்து என் முகத்தைப் பார்த்தார். குழாய் நிரம்பிவிட்டது. “அக்கா, வெரலத் தொறங்க.” விரல் முட்டிகள் வெளுத்துப்போயிருந்தன. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், கையைத் திறக்கவில்லை.